வாத்தியார் போகட்டும், ராஜினாமா கொடுத்துவிட்டு

கேள்வி: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறாராம். என் பிள்ளைகள் இருவருக்கும் அவர்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒருவர் இனிக் கிடைக்கமாட்டார். நல்ல வாத்தியாருக்கு எதற்கு இந்தச் சாக்கடை? வகுப்பிலேயே இருந்து நாலு பிள்ளைகளைக் கரையேற்றலாமே?
– வாசகர் ஒருவர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ‘சாக்கடை’ என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்விக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை கட்டடங்கள் என்பதெல்லாம் மானியக் கோரிக்கையாக வருவது சட்டமன்றத்துக்குத்தான். உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சுக்கும் அங்கேதான் பணம் ஒதுக்கினார்கள். விஷயம் தெரிந்தவர் அங்கே போகக் கூடாது என்றால், தெரியாதவர்தான் போவார்.

தேர்தல் அவருக்குப் புதிதும் அல்ல. வாக்குப்பதிவுக்கு முந்தின நாளே இயந்திரத்தோடு முன்பின் தெரியாத ஊருக்குப் போய், பள்ளிக்கூடத் தரையில் படுத்தெழுந்து, விடியற்காலையில் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இரவில் பதிவான வாக்குகளை 17சி படிவத்தில் கணக்கெழுதிச் சீல் வைத்துக் கொடுப்பவர்களில் பெரும்பகுதி ஆசிரியர்கள்தான். ஆசிரியருக்குக் கல்வி சாராத வேலை தரக் கூடாது என்று சொல்லும் 2009 கல்வி உரிமைச் சட்டமே தேர்தல் பணிக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஊரார் தேர்தலை எல்லாம் நடத்திக்கொடுத்த மனிதர் தானும் ஒரு தடவை நிற்கிறேன் என்கிறார். இதில் என்ன தப்பு?

பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்திய க. அன்பழகன் 1957-ல் சட்டமன்றத்துக்குப் போனார். பிற்பாடு கல்வி அமைச்சராகவும் இருந்தார். கடைசிவரை அவரைப் ‘பேராசிரியர்’ என்றே நாடு கூப்பிட்டது.

நான் கறாராக இருக்க விரும்புவது ஒரு விஷயத்தில்தான். ஒரு காலை வகுப்பிலும் இன்னொரு காலை மேடையிலும் வைக்கக் கூடாது. அரசு ஊதியம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக அரசியல் சட்டத்தின் 191-வது பிரிவு தடை போடுகிறது. வேட்புமனுப் பரிசீலனை நாளன்று அவர் பணியில் இருக்கவே கூடாது. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, அது ஏற்கப்படவும் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் துணை ஆட்சியராக இருந்த நிஷா பாங்ரே 2023 ஜூனில் ராஜினாமா கொடுத்தார். அது ஏற்கப்பட அக்டோபர் கடைசி ஆயிற்று. அதற்குள் அவர் எதிர்பார்த்திருந்த தொகுதிக்குக் கட்சி வேறொருவரை அறிவித்துவிட்டது. உங்கள் ஆசிரியர் இதைப் படிக்கிறார் என்றால், கடிதத்தை இன்றே கொடுக்கட்டும்.

கேரளத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் வேலையில் இருந்துகொண்டே போட்டியிடச் சட்டம் நெடுங்காலம் இடம் கொடுத்தது. 1996-ல் கூத்துப்பரம்பில் வென்ற கே.கே. ஷைலஜா, 2004-ல்தான் ஆசிரியர் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். சுகாதார அமைச்சராக அவர் செய்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த ஏற்பாடு சரியில்லை என்பதே என் எண்ணம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முழு ஆசிரியர் வேண்டும். 2021 பிப்ரவரியில் அந்தச் சலுகையைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது எனக்கு நியாயமாகவே பட்டது.

போகிறவர் இழப்பதும் கொஞ்சமல்ல. விருப்ப ஓய்வு வேண்டுமென்றால் 50 வயதோ 20 ஆண்டுப் பணியோ முடிந்திருக்க வேண்டும், 3 மாதம் முன்னதாக எழுதித் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலமே கணக்கிலிருந்து போய்விடும். ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்காவிட்டால் கட்டிய 10,000 ரூபாய் டெபாசிட்டும் போகும். தோற்றுத் திரும்பினால் அவருக்கென்று ஒரு வகுப்பறை காத்திருக்காது. அத்தனையும் தெரிந்து இறங்குகிறவரை ‘எதற்கு இந்த வேலை’ என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முன்பு சட்டமன்றத்தின் இன்னொரு அவையாக இருந்த நம் மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர்களுக்கு இருந்தது. 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு மேலவை போயிற்று. அந்த இடங்களும் போயின. நான் அதற்கு வருந்தவில்லை. ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் ஆசிரியர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டமன்றத் தொகுதியில் நின்றால், வாத்தியார் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கேட்கும் கூலித் தொழிலாளிக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அங்கேதான் அவருக்கு உண்மையான சோதனை. வகுப்பில் அவர் கேட்பார், பிள்ளைகள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். இனி எல்லாரும் கேட்பார்கள், அவர் நிற்க வேண்டும். பழைய மாணவர்களை ஓட்டு வேட்டைக்கு அனுப்புவதும், குருவுக்குக் காணிக்கையாக ஓட்டுக் கேட்பதும் கூடவே கூடாது. உங்கள் வீட்டுக்கு வரும்போது மரியாதைக்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

உங்கள் கவலை அவரைப் பற்றியதைவிட அவர் விட்டுப்போகும் வகுப்பைப் பற்றியது என்று நினைக்கிறேன். அது நியாயமான கவலை. அதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ராஜினாமா ஏற்கப்பட்ட அன்றே கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை நிரப்பச் சொல்லித் தீர்மானம் போட வையுங்கள், நகலை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். இன்னொரு நகலை, ஓட்டுக் கேட்டு வரும் எல்லா வேட்பாளர்களிடமும் கொடுங்கள். உங்கள் ஆசிரியரிடமும்தான்.