எல்லா அபெண்டுக்கும் ரீட்ரை போடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். வெளிநாட்டு வேலையில் சேர்ந்த புதிதில் மெயின்ஃபிரேமில் நம் அசெம்பிளர் புரோகிராம் ராத்திரி ஓட்டத்தில் அபெண்ட் ஆனால், அதாவது பிழையால் பாதியில் நின்றுபோனால், வேலைக்கே ஆபத்தா? அதற்குப் பயந்து, பிழை வந்தால் நம் மீட்பு ரொட்டீனை அழைக்க வைக்கும் எஸ்டே (ESTAE) மேக்ரோவைப் போட்டு எல்லாப் பிழைக்கும் ரீட்ரை செய்துவிடலாமா, அதாவது நாம் குறித்த இடத்திலிருந்து புரோகிராமைத் தொடர வைக்கலாமா?

முதல் பயத்தை விடுங்கள். நான் வேலை பார்த்த இடங்களில் அபெண்ட் ஆனதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. தடயமில்லாமல் மறைந்துபோன அபெண்டுக்குத்தான் கூட்டம் போட்டுக் கேட்பார்கள். விசா கவலையில் இருக்கிறவனுக்கு இது தலைகீழாகத் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அதனால் எல்லாவற்றுக்கும் ரீட்ரை வேண்டவே வேண்டாம். எஸ்0சி4 (S0C4, தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு முகவரி கெட்டிருக்கிறது. அதே நிலையில் திரும்பப் போனால் அதே இடத்தில் மறுபடி விழும். விழாமல் தப்பான தரவை எழுதிக்கொண்டே போனால் இன்னும் மோசம். எங்கே, எதனால் விழும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்துக்கு மட்டும் ரீட்ரை வையுங்கள். உதாரணமாக, உங்களை அழைத்த புரோகிராம் கொடுத்த முகவரியைத் தொட்டுப் பார்க்கும் இரண்டு வரிக்கு முன்னால் ஒரு ஃபிளாகை ஏற்றி, பின்னால் இறக்குங்கள். ஃபிளாக் ஏறியிருக்கும்போது எஸ்0சி4 என்றால், தவறான முகவரி என்று ரிட்டர்ன் கோடு கொடுத்துத் திரும்பலாம். மற்றதற்கெல்லாம் கையில் பிடித்திருக்கும் என்க்யூ (ENQ பூட்டு), மெமரியை விடுவித்துவிட்டு பெர்கலேட் செய்யுங்கள், அதாவது பிழையை அடுத்த மேல்நிலைக்கே விட்டுவிடுங்கள், டம்ப் (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) வரட்டும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மீட்பு ரொட்டீனுக்குள் நுழைந்ததும் ரெஜிஸ்டர் 0-ஐப் பாருங்கள். அதில் 12 இருந்தால் எஸ்.டி.டபிள்யூ.ஏ. (SDWA, பிழை விவரங்களைச் சிஸ்டம் வைத்துத் தரும் பகுதி) கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது ரெஜிஸ்டர் 13-இல் சேவ் ஏரியாவும் (ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம்) கிடையாது. பழக்கதோஷத்தில் முதல் வரியிலேயே ரெஜிஸ்டர்களை அங்கே சேமிக்கும் எஸ்.டி.எம். (STM) கட்டளையை எழுதியிருந்தால் காப்பாற்ற வந்த ரொட்டீனே விழுந்துவிடும். எஸ்டே போடும்போது நீங்கள் கொடுத்த பாராமீட்டர் ஏரியாவின் முகவரி ரெஜிஸ்டர் 2-இல் இருக்கும். ரெஜிஸ்டர் 15-இல் 0 வைத்து 14 வழியாகத் திரும்பினால் பெர்கலேட் ஆகிவிடும். எஸ்.டி.டபிள்யூ.ஏ. இருந்தால், ரீட்ரையா பெர்கலேட்டா என்று சிஸ்டத்துக்குச் சொல்வதை செட்ஆர்பி (SETRP) மேக்ரோ பார்த்துக்கொள்ளும். ரீட்ரை செய்யும்போது அதில் ரெட்ரெக்ஸ்=யெஸ் (RETREGS=YES) கொடுக்காவிட்டால் பேஸ் ரெஜிஸ்டர்கூடப் பழையபடி வராது.

அப்புறம், ஆபரேட்டர் கேன்சல் செய்தால் வரும் எஸ்222 (S222) அபெண்டுக்கு, எஸ்டேயில் டெர்ம்=யெஸ் (TERM=YES) இல்லாமல் உங்கள் மீட்பு ரொட்டீன் ஓடாது. ஓடினாலும் ரீட்ரைக்கு அனுமதி இல்லை, சுத்தம் செய்யலாம், அவ்வளவுதான்.

இங்குள்ள சீனியர்கள் தாமாக வந்து சொல்லித் தரமாட்டார்கள். அது அலட்சியம் இல்லை. லிஸ்டிங்கையும் (அசெம்பிள் செய்த புரோகிராமின் அச்சுப் பட்டியல்) டம்பையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்க் கேளுங்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். போவதற்கு முன் டெஸ்டில் டிசி ஹெச்'0' (DC H'0') என்று ஒரு வரி வைத்து வேண்டுமென்றே எஸ்0சி1 (S0C1, செல்லாத கட்டளைப் பிழை) வரவழைத்து, உங்கள் ரொட்டீன் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். ராத்திரிப் பிழைகளுக்குப் பதில் சொல்லும் ஆன்-கால் முறை உங்களுக்கு வருவதற்குள் அதை முடித்துவிட்டால் நல்லது.