பட்டறைக் கேள்வி பதில்: ராடு போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, மாமா வைத்திருந்த மாருதி ஜிப்சி கிங் ஜீப் என் கைக்கு வந்திருக்கிறது. 1.3 லிட்டர் பெட்ரோல். புகை தள்ளுகிறது, எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்குவதுதான் இறக்குகிறோம், கொஞ்சம் வேகமாகவும் செய்துகொள்ளலாம் என்று ஆசை. புனலூரில் கடை இருப்பதால் வாரம் மூன்று நாள் கோட்டைவாசல் மலைச்சாலை ஏறி இறங்குகிறேன். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு இரண்டும் போடு என்கிறார்கள் நண்பர்கள். அதற்குப் பணம் காணாது. எதை வாங்க, எதை விட?
– வாசகர், புளியரை

பதில்: தம்பி, உங்கள் நண்பர்கள் பிஸ்டனில் தொடங்குகிறார்கள். நான் ராடு போல்ட்டில் தொடங்குவேன். அதற்கான காரணம் செங்கோட்டையில் என் மேஜை மேல், பில் புத்தகம் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது: இரண்டாக முறிந்த ஒரு கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு.

இளவயதில் நானே கட்டிய எஞ்சின் அது. கேம், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் புதிது. ராடு போல்ட் மட்டும் பழையது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபடி முறுக்கிவிட்டேன். ஆரியங்காவிலிருந்து ஏறும்போது ஒரு குறையும் இல்லை. கோட்டைவாசல் தாண்டி புளியரைப் பக்கம் இறங்கும்போது, நாலாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகவேண்டியவன் அவசரத்தில் இரண்டில் தள்ளிவிட்டேன். ஆக்சிலரேட்டரில் கால்கூட இல்லை. எஞ்சின் ஒரு அலறு அலறியது, ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. அன்று இரவு பார்டர் புரோட்டாக்கூட இறங்கவில்லை.

ஏறும்போது தாங்கியது இறங்கும்போது ஏன் உடைந்தது? ஏறும்போது எரியும் வாயு பிஸ்டனைக் கீழே அழுத்துகிறது. ராடு அந்த நசுக்கலைச் சுலபமாகத் தாங்கும். அதைக் கொல்வது இழுப்பு. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் கணத்தில் அதைப் பிடித்து இழுப்பது ராடுதான். ராடின் கீழ்முனையில் கிராங்கைச் சுற்றியிருக்கும் மூடியைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். உங்கள் எஞ்சினின் ஸ்ட்ரோக் 75.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் மேலும் கீழுமாக 14,000 தடவை நின்று திரும்புகிறது. 6,000-லிருந்து 7,000-க்குப் போனால் சுற்று ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. இழுப்போ 36 சதவீதம் கூடுகிறது. இதற்கும் குதிரைத்திறனுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் எவ்வளவு பவர் வேண்டும் என்று யோசிக்கும் முன்னால், எத்தனை சுற்று வரை போவேன் என்று முடிவு செய்யுங்கள். மலைச்சாலைக்கு 6,500 தாராளம்.

அந்த அளவுக்குள், டர்போ இல்லாமல், கம்பெனி ராடே போதும் என்பது என் கட்சி. விரிசல் பார்க்கச் சொல்லுங்கள், வளைவு பார்க்கச் சொல்லுங்கள். நகைக்கடைத் தராசில் நான்கையும் நிறுத்து, கனமானதைத் தேய்த்து ஒரே எடைக்குக் கொண்டு வாருங்கள். போல்ட் மட்டும் புத்தம் புதிது, நல்ல தரத்தில். புது போல்ட்டை முறுக்கினால் பிக் எண்ட் துளையின், அதாவது ராடு கிராங்கைப் பிடிக்கும் பெரிய துளையின், வட்டம் லேசாகக் கோணும். முறுக்கிய நிலையில் அளந்து, தேவைப்பட்டால் ஹோனிங் (உள்பக்கத்தை நுணுக்கமாகத் தேய்த்தல்) செய்தபிறகுதான் மெட்டல் (பேரிங்) போடவேண்டும். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த போல்ட் போட்டு மெட்டலைத் தின்னக் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய.

பிஸ்டனுக்கு வருவோம். நல்ல காஸ்ட் (அச்சில் வார்த்த) பிஸ்டன் போதும். சிலிக்கான் அதிகம் சேர்த்த ஹைப்பர்யூடெக்டிக் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அது சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறைவு. ஆனால் நாக்கிங்கை (பெட்ரோல் முறைதவறி வெடித்துத் தட்டுவதை) பொறுக்காது, ரிங் உட்காரும் வரப்பு உடைந்துவிடும். ஆகவே ஹெட்டை ரொம்பச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டாதீர்கள். உங்கள் சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 74 மில்லிமீட்டர்; அதற்கு உச்சியில் உள்ள ரிங்கின் வாயிடைவெளி சுமார் 0.30 மில்லிமீட்டர், அதாவது பன்னிரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு). பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாமல் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் வைத்து அளங்கள். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டி, சிலிண்டரைக் கீறும்.

மிச்சப் பணம் லேத்துக்கும் எண்ணெய்க்கும். கிராங்கைத் தேய்த்தால் ஜர்னல் (மெட்டல் உட்காரும் உருண்டைப் பகுதி) ஓரத்து வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அங்கே கூர் மூலை விழுந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். புது ஆயில் பம்ப் போடுங்கள், டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் வையுங்கள். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்றும் உதவும். எண்ணெயை எப்போதும் மேல் கோட்டில் வைத்திருங்கள். புளியரை எஸ் வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சினால், எந்த ஃபோர்ஜ்டு சாமானும் காப்பாற்றாது.

கேள்வி: ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட நண்பர் வண்டி காலையில் டக் டக் என்கிறது. கட்டியது தப்பா?
– வாசகர், தென்காசி

பதில்: பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கினால் தப்பில்லை. அந்த உலோகம் சூட்டில் அதிகம் விரியும், அதனால் குளிரில் தொளதொளவென்று விட்டிருப்பார்கள். சாரல் காலத்தில் இன்னும் நன்றாகக் கேட்கும். தினம் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துபவருக்கு அந்த பிஸ்டன் எதற்கு என்றுதான் நான் கேட்பேன்.

கேள்வி: எஞ்சினில் கை வைத்தால் கேரளாவில் பிடிப்பார்களாமே?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு. அது இந்தியா முழுவதற்கும்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். சிசியை மாற்றாமல், தேய்ந்த சாமானுக்கு நல்ல சாமான் போடுவது ரிப்பேர். வேறு எஞ்சின் ஏற்றுவது வேறு கதை.

கேள்வி: கட்டி முடித்த எஞ்சினை எப்படிப் பழக்குவது?
– அதே புளியரை வாசகர்

பதில்: ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். ரிங் படிய அளவான பளு வேண்டும், அதற்குக் கோட்டைவாசல் ஏற்றம் நல்ல இடம். மிதமாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து, மறுபடி மிதியுங்கள். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. செதில் செதிலாக மினுங்கினால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.