கொமடோர் திரையில் இரண்டு மங்கல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதைப் போலவே நடந்துகொள்ளும் வைஸ் எமுலேட்டர் புரோகிராமை லேப்டாப்பில் போட்டேன். ஆட்டங்கள் நன்றாக ஓடுகின்றன, படம்தான் சரியில்லை. முழுத்திரையில் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. ஃபில்டரை எடுத்தால் ஒரு எழுத்து தடித்தும் பக்கத்து எழுத்து மெலிந்தும் வருகிறது. ஒரு பாலெட்டில் (நிறத்தொகுப்பில்) நீலம் ஊதாவாக இருக்கிறது, இன்னொன்றில் பளிச்சென்று இருக்கிறது. எது அசல்? பழைய டிவி மாதிரி காட்டும் ஃபில்டர் எல்லாம் வேஷம், படம் கூர்மையாக இருந்தால் போதும் என்கிறான் நண்பன். என் திரை 1920க்கு 1080.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்ப்பது இரண்டு மங்கல்கள். ஒன்று உங்கள் லேப்டாப் உண்டாக்குவது, அதைக் குறைக்க வேண்டும். மற்றது அந்தக் காலத்து டிவி உண்டாக்கியது. அது படத்திலேயே சேர்த்தி. இரண்டையும் ஒரே பட்டியை நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பதால்தான் குழப்பம்.

முதலில் லேப்டாப் கணக்கு. வைஸ் ஓரப்பட்டையோடு சேர்த்துக் காட்டும் பரப்பு 384க்கு 272 புள்ளிகள். 272ஐ நான்கால் பெருக்கினால் 1088. உங்கள் திரையில் இருப்பது 1080. எட்டே எட்டு வரி இடிக்கிறது! அகலத்தில் நிலைமை இன்னும் மோசம். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்கான கொமடோரின் புள்ளி சதுரம் கிடையாது. உயரம் 1 என்றால் அகலம் சுமார் 0.936. உயரத்தில் நான்கு மடங்கு வரும்போது அகலத்தில் 3.7 மடங்குதான் வரும். 3.7 புள்ளி என்று ஒன்றைத் திரையில் வைக்க முடியாதே. அதனால் சில பத்திகள் நான்காகவும் சில மூன்றாகவும் விழுகின்றன. உங்கள் எழுத்து தடித்து மெலிவது இதனால்தான். அகல விகிதத் திருத்தத்தை அணைத்தால் பத்திகள் சீராகும், ஆனால் வட்டமெல்லாம் முட்டையாகிவிடும். நான் விகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, பெரிதாக்கும் முறையில் பைகியூபிக் வைத்துக்கொள்கிறேன். பைலீனியரைவிட அதில் விளிம்பு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

இனி நண்பர் சொன்ன வேஷம். கொமடோர் 64இன் எழுத்துருவை நெருங்கிப் பாருங்கள், செங்குத்துக் கோடுகள் எல்லாம் இரண்டு புள்ளி அகலம். ஒற்றைப் புள்ளிக் கோடு கலர் டிவியில் நிறம் சிதறித் தெரியும் என்று தெரிந்தே தடிமனாகச் செய்தார்கள். பால் டிவி இன்னொரு காரியமும் செய்கிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளின் நிறத்தைச் சராசரியாக்கிக் காட்டும். இதைக் கண்டுகொண்ட ஓவியர்கள், வெளிச்ச அளவு ஒத்த இரண்டு நிறங்களை ஒரு வரி விட்டு ஒரு வரி அடுக்கி, பதினாறு நிறத்தில் இல்லாத பதினேழாவதை வரவழைத்தார்கள். டிவி மாதிரி காட்டும் ஃபில்டரை எடுத்துவிட்டால் அந்த நிறம் போய்விடும், வரிவரியாகக் கோடுதான் மிஞ்சும். அந்தக் கோடுகளை யாரும் பார்க்க வேண்டும் என்று ஓவியர் நினைக்கவே இல்லை.

நண்பருக்கு இதுவும் போதாதென்றால் 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியைக் காட்டுங்கள். அதன் ஹைரெஸ் (நுண்புள்ளி) படத்தில் ஊதா, பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாமே புள்ளிகள் விட்டுவிட்டு நிற்கும் வரிசையை அமெரிக்க டிவி நிறமென்று எடுத்துக்கொள்வதால் வருபவை. அங்கே சிக்னலை முழுக்கக் கூர்மையாக்கினால் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் பட்டைகள்.

ஆகவே வைஸில் பழைய டிவி மாதிரி காட்டும் சிஆர்டி ஃபில்டரைப் போடுங்கள். உள்ளே ‘பிளர்’ என்று ஒரு பட்டி இருக்கும், கால்வாசி போதும். ஸ்கேன்லைன், அதாவது டிவி வரிகளுக்கு நடுவே விழும் கருங்கோடு, அந்த விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பலர் ஜன்னல் கம்பி மாதிரி கன்னங்கரேலென்று வரி போட்டுவிட்டு அதைப் பழமை என்கிறார்கள். வீட்டில் இருந்த சின்ன டிவியை எட்டி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அப்படியா தெரிந்தது? தவிர, உங்கள் திரையில் மடங்கு முழு எண்ணாக வராததால் அடர்ந்த வரிகள் அலையலையாகத் திரளும். லேசாக வைத்து, வெளிச்சம் குறைந்த அளவுக்குப் பிரைட்னஸைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எது அசல் நிறம் என்றால், எண்ணாகச் சொல்லக்கூடிய அசல் எதுவும் இல்லை. கொமடோரில் படத்தை உண்டாக்கும் விக்-2 சிப் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதையும் வெளியே அனுப்புவதில்லை. வெளிச்ச அளவு ஒன்று, நிறத்துக்கான கோணம் ஒன்று, அவ்வளவுதான். ஆரம்பகாலச் சிப்பில் வெளிச்சப் படிகள் ஐந்து, பின்னால் வந்ததில் ஒன்பது. அதற்குமேல் டிவியில் இருந்த திருகுகளை ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் இஷ்டத்துக்குத் திருகிவைத்திருந்தார்கள். பெப்டோ, கொலடோர் என்ற இரண்டு பாலெட்டுமே அந்தச் சிக்னலிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை. பெப்டோவில் நீலம் அடங்கி ஊதாப் பக்கம் சாயும், கொலடோரில் எடுப்பாக இருக்கும். எனக்குக் கொலடோர் பிடிக்கும், சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஒரு மட்டு குறைத்து. நிறச்சாயலை மாற்றும் டின்ட் பட்டியைத் தொடாதீர்கள். நிறக்கோணப் பிழையைத் தானே சமன்செய்வதற்காக வந்த முறைதான் பால். டின்ட் திருகு தேவைப்பட்டது அமெரிக்க என்டிஎஸ்சி டிவிகளுக்கு.

கண்ணால் ஊகிப்பதைவிட ஒரு சோதனை செய்யலாம். எமுலேட்டரின் கொமடோர் திரையில் இந்த மூன்றையும் வரிக்கு ஒன்றாக அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள்:

போக் 53280,11
போக் 53281,12
போக் 646,15

(போக் என்பதை ஆங்கிலத்தில் POKE என்றுதான் அடிக்க வேண்டும்.) ஓரம் கருஞ்சாம்பல், பின்னணி நடுச்சாம்பல், இனி அடிக்கும் எழுத்து வெளிர்சாம்பல். மூன்றும் தனித்தனியாகத் தெரியும்வரை காமாவையும் (நடுத்தர வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) பிரைட்னஸையும் மாற்றிப் பாருங்கள். சாம்பலில் ஏதாவது சாயம் ஏறியிருந்தால் குற்றம் எமுலேட்டரில் இருக்க வாய்ப்பில்லை. திரையை மஞ்சளாக்கும் லேப்டாப்பின் ‘நைட் லைட்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேசிக் மொழியில் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் ஃபில்டரை நானும் அணைத்துவிடுவேன். அங்கே கலக்க வேண்டிய நிறம் எதுவும் இல்லை, எழுத்து தெரிந்தால் போதும்.

அப்புறம், ஆட்டத்தில் பின்னணி நகரும்போது மட்டும் கலங்கினால் அது வேறு வியாதி. பால் கொமடோர் நொடிக்கு ஏறத்தாழ 50 படம் தருகிறது, லேப்டாப் திரை பெரும்பாலும் 60 முறை புதுப்பிக்கிறது. இரண்டும் ஒத்துவராமல் இடையிடையே ஒரு படம் இரண்டு தடவை நிற்கும். அதற்குப் பிளர் பட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் விளையாடும்போது அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.