இவான் ஜெனராலிச்சின் ஓவியங்கள் அவ்வளவு பளபளப்பாகத் தெரிவது ஏன்?

காரணம், கண்ணாடி. ஜெனராலிச் (1914–1992) குரோவாசியாவின் ஹ்லெபினே கிராமத்து விவசாயி. அவரது திறமையைக் கண்டுகொண்டவர் ஓவியர் கிர்ஸ்டோ ஹெகெடுஷிச். 1931இல் சாக்ரெப் நகரக் கண்காட்சியில் ஜெனராலிச்சின் படங்கள் இடம்பெற்றன.

கண்ணாடியின் பின்பக்கம் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து, முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். அதனால் எல்லாமே தலைகீழ் வரிசை. மாட்டின் கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளிதான் முதலில், பிறகு கண், தோல், மரம், வானம் கடைசி. இடவலமும் மாறிவிடும். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் அடியில் உள்ள கோடு கலைந்துவிடும். புள்ளி தவறினால் மேலே பூசி மறைக்க வழியில்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்ணம் உரிந்துவிடும். வண்ணம் நேராகக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதால்தான் அந்த ஈரமான ஒளி. 1959இல் வரைந்த 'மான்களின் திருமணம்' பாருங்கள், அற்புதம்!