பொட்டலம், வெயில், அழுக்கு மூட்டை: சாதியை எழுதிய கதைகளை எப்படிப் படிப்பது? (கேள்வி பதில்)

கதைகளில் வரும் படிமம், அடையாளம், சமூக மோதல் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. கதை முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன், இன்னும் படிக்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

முதுகலை மாணவி: பூமணியின் 'வெக்கை'யில் வெயில் எதன் குறியீடு? நோட்ஸில் 'சிதம்பரத்தின் கோபம்' என்று இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

எழுதினால் மதிப்பெண் வரும், நாவல் கைக்கு வராது. 1982இல் வெளியான நாவல் இது. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரான் என்கிற நிலக்காரரின் கையை வெட்டிவிடுவது என்றுதான் போகிறான், ஆனால் ஆளே செத்துப்போகிறார். தன் அண்ணனைக் கொன்றதற்கு அவன் வாங்கிய பழி அது. அண்ணன் கொலைக்குப் பின்னால் இருப்பது நிலத் தகராறு. அப்புறம் அப்பாவும் மகனும் காடு, மலை, கிணற்றடி என்று பதுங்கித் திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள்.

அரிவாள் வீச்சு முதல் சில பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். மிச்சப் பக்கங்களில் வெயில் என்ன வேலை பார்க்கிறது? பகலில் தலைகாட்ட விடாது. நிழல் தேட வைக்கும், தண்ணீர் தேட வைக்கும். கிடைத்ததைப் பொங்கித் தின்றுவிட்டு இடம் மாறவேண்டும். கோபத்தில் வெட்டியவன் ஊருக்குள் நுழைய முடியாமல் அலைகிற நாட்கள்தான் நாவலின் பெரும்பகுதி. அப்படியிருக்க வெக்கையை ஒருவனுடைய மனநிலையாகச் சுருக்குவது சரியாகப்படவில்லை. கொலைக்கு முன்பிருந்தே அந்தக் குடும்பம் வாழ்ந்துவந்த நிலைமை அது. கொலைக்குப் பிறகு ஒதுங்க வீடும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் படிமத்தையும் நான் முதலில் பொருளாகத்தான் பார்ப்பேன். அது யார் கையில் இருக்கிறது, யார் தலைமேல் விழுகிறது, யார் தொடலாம், யார் தொடக்கூடாது? இதற்கெல்லாம் பதில் எழுதிய பிறகு 'எதன் குறியீடு' என்று கேளுங்கள். பாதிப் பதில் ஏற்கெனவே கிடைத்திருக்கும்.

அதே மாணவி: நாவலில் அந்தக் குடும்பத்தின் சாதிப் பெயரே வரவில்லையே. அப்படியானால் இதைச் சாதி நாவல் என்று எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். பெயர் இல்லாத இடத்தில் உறவுகள் இருக்கின்றன. யாரிடம் நிலம் குவிகிறது, யார் சொன்னால் போலீஸ் வரும், யாருடைய சாவுக்கு வழக்கு நடக்கும் என்று பாருங்கள். பெயரைச் சொல்லியிருந்தால் நாமும் 'இன்ன சாதிக்கும் இன்ன சாதிக்கும் சண்டை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருப்போம்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலைத் தழுவி 2019இல் வந்த 'அசுரன்' படத்தை மனதில் வைத்து நாவல் பற்றி எழுதாதீர்கள். பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கிய நிலம்), செருப்பு என்று போகிற முன்கதை படத்துக்காக உருவாக்கியது. விடைத்தாளில் இந்தக் குழப்பம் நிறையவே வருகிறது.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்: என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் பாமாவின் 'கருக்கு' நூலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. பெரியவர் பொட்டலத்தைத் தூக்கிவரும் இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எப்படிக் கையாள்வது?

சிரிக்கட்டும் சார், விடுங்கள். கதை சொல்கிற அந்தச் சிறுமியும் அங்கே சிரிக்கத்தான் செய்கிறாள்.

1992இல் வெளியான தன்வரலாறு அது. பள்ளியிலிருந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் அவளுக்கு அரை மணி நேரமாவது ஆகும். குரங்காட்டி, பாம்பாட்டி, கோயில் வாசல், கருவாட்டுக் கடை, பலகாரக் கடை என்று எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். பிள்ளைகள் இந்தப் பத்தியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள், தாண்ட விடாதீர்கள். கண்ணில் படுகிறதெல்லாம் வேடிக்கையாகத் தெரிகிற மனசு அது. அந்த வரிசையில்தான் களத்துமேட்டுக் காட்சியும் வருகிறது. மாடுகள் சுற்றிவர, நிலக்காரர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் தெருப் பெரியவர் ஒருவர் எண்ணெய்க் கறை படிந்த பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிவருகிறார். அவிழ்ந்து வடை கீழே விழுந்துவிடாதா என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பெரியவர் குனிந்து நீட்டுகிறார், நிலக்காரர் பிரித்துச் சாப்பிடுகிறார்.

வீட்டில் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம் சாதிக்காரர் கை பட்டால் தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் நினைக்கிறார்கள், அதனால்தான் நூலைப் பிடித்துத் தூக்கினார் என்கிறார். பொட்டலம் அதேதான், ஆனால் இப்போது அவளால் சிரிக்க முடியவில்லை. அவ்வளவு வயதானவர், அவர் எதற்குப் பலகாரம் வாங்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று ஆத்திரம் வருகிறது. பாமா ஒரே காட்சியை நமக்கு இரண்டு முறை காட்டுகிறார், நடுவில் ஒரு விளக்கம் மட்டும் நுழைகிறது. உங்கள் வகுப்பும் அதே வரிசையில்தான் நகரவேண்டும். சிரித்த பிள்ளைகளிடம் அடுத்த பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே 'இது தீண்டாமைக் கொடுமை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் அந்த அதிர்ச்சி அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

இன்னொரு இடமும் உண்டு. அண்ணன் கண்மாய்க் கரையில் நடந்து வரும்போது நிலக்காரரின் ஆள் பேர் கேட்கிறான், அப்புறம் எந்தத் தெரு என்கிறான். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அடையாளம் பற்றிப் பாடம் நடத்த இந்த ஒரு கேள்வி போதும். இன்றைக்கு வாடகை வீடு தேடிப் போகிறவரிடம் 'சொந்த ஊர் எது, எந்தப் பக்கம்' என்று விசாரிக்கிறார்களே, பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

பிளஸ் டூ மாணவர்: அதே பாடத்தில் சித்கலா-சா எழுதியதும் இருக்கிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

அவர் அமெரிக்கப் பூர்வகுடியான யாங்டன் டகோட்டா இனத்தவர், 1876இல் பிறந்தவர். இந்தியானா மாநிலத்துப் பள்ளியில் முடியை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார். இழுத்து வந்து நாற்காலியில் கட்டிப்போட்டு வெட்டுகிறார்கள். எதிரியிடம் பிடிபட்ட, திறமையில்லாத வீரனுக்குத்தான் அப்படி முடி வெட்டுவார்கள் என்று அம்மா சொல்லி வளர்த்தவர் அவர்.

பாமாவின் சிறுமிக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, பார்த்தும் கேட்டும்தான் தெரிந்துகொள்கிறாள். சித்கலா-சாவுக்கோ நேராக உடம்பின் மேலேயே கை வைக்கிறார்கள். ஒருவரைத் தொடாமல் ஒதுக்குகிறார்கள், மற்றவரைப் பிடித்து இழுத்துத் தங்களைப் போல மாற்றப் பார்க்கிறார்கள். 'இருவரும் ஒடுக்கப்பட்டவர்கள்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வாசகர்: இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' தலித்துகளைக் குற்றவாளிகளாகக் காட்டுகிறது என்ற விமர்சனம் சரியா?

1994இல் நாவல் வந்தபோதே கிளம்பிய சர்ச்சை இது. ஆரோக்கியம், காலனி மக்களுக்கு, அதாவது தலித்துகளுக்கு, துணி வெளுக்கிற பெண். பிரசவம், சாவு எதுவானாலும் அவள் வேண்டும். கூலி, களத்தில் கிடைக்கிற தானியமும் வீடு வீடாக எடுக்கிற சோறும்தான். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னதுதான் பலருக்கு உறுத்தியது. மேலே இருப்பவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு 'பாருங்கள், அவர்களும் அப்படித்தான்' என்பார்களே என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்காக ஆரோக்கியத்தின் கதையை யாரும் எழுதாமல் இருக்கவேண்டுமா? அதை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்படியாக ஒருவர்மேல் ஒருவரை ஏற்றி வைத்துத்தான் சாதியே நிற்கிறது.

அழுக்கு மூட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு நாவலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூட்டை அவளை அழுத்துகிறது, சரி. ஆனால் காலம் மாறி வெளுக்கப்போடும் துணி குறையக் குறைய அவள் நிம்மதி அடைவதில்லை, கலங்கிப்போகிறாள். அந்த வேலைதான் அவளுக்கு இழிவு, ஊரில் அவளுக்கு இருக்கிற ஒரே உரிமையும் அதுதான். இதைவிடக் கூர்மையாக அடையாளச் சிக்கலைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

நெட் தேர்வு எழுதுபவர்: படிமம், குறியீடு, வித்தியாசம் என்ன?

புலன்களுக்குத் தெரிகிற சித்திரம் படிமம். அது தன்னைத் தாண்டி வேறொன்றையும் நிலையாகச் சுட்டத் தொடங்கினால் குறியீடு. தேர்வுக்கு இது போதும்.

வாசகர்: எழுத்தாளரின் சாதி தெரிந்துதான் படிக்கவேண்டுமா?

தெரிந்தால் சில விஷயங்கள் விளங்கும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தைப் பாமா ஏற்கிறார். பூமணியும் இமையமும் ஏற்பதில்லை. இரண்டு நிலைப்பாட்டுக்கும் காரணம் இருக்கிறது, இரண்டையும் மதிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி: எங்கள் பக்கத்து எழுத்துக்கும் இந்த வாசிப்பு பொருந்துமா?

நிச்சயமாகப் பொருந்தும். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலில் தொடங்குங்கள். 1960களின் கடைசியில் அங்கே தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது, 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் நடந்தது உட்பட. அந்தப் பின்னணி தெரிந்தால் தேநீர்க் குவளையும் கோயில் வாசலும் கிணறும் கதையில் வரும்போது அலங்காரமாகத் தெரியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தக் காலத்தில் கிணற்றில் யார் அள்ளினார்கள், யார் காத்து நின்றார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவலைப் படியுங்கள்.