வெள்ளை உறையும் ஒரு வெள்ளிக் காசும்

அன்புள்ள அண்ணா,

சிங்கப்பூர் வந்து, ஈசூனில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். போன மாதம் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா இறந்துவிட்டார். புளோக்கின் கீழேயே துணி கட்டி ஐந்து நாள் உடலை வைத்திருந்தார்கள். ஐந்து நாளும் தலையைக் குனிந்தபடி அந்த வழியாகத்தான் லிஃப்ட்டுக்குப் போனேன். உள்ளே போகலாமா, போனால் என்ன சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. ஊரில் என்றால் துக்கத்துக்குப் போகாமல் இருப்போமா? இப்போது அந்தப் பாட்டியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இன நல்லிணக்க நாளான ஜூலை 21 வந்தால் என் மகன் மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். இன நல்லிணக்கம் என்பது அவ்வளவுதானா?

ம.

அன்புள்ள ம.,

அப்படித் தலை குனிந்து நானும் நடந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

உங்கள் மகன் சட்டை மாற்றிப் போடும் அந்தத் தேதி, 1964-இல் இங்கே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்ட நாள். அதை மறக்காத அரசாங்கம்தான் 1989-இல் வீவக புளோக்குகளில் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்கும் இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலையும் இறங்கும். இருந்தாலும் அந்த வரம்பு இல்லாவிட்டால் உங்களுக்கு அந்தப் பாட்டி பக்கத்து வீடாக வாய்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சட்டம் நம்மைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விடும். கதவை அது தட்டாது.

நான் வந்த புதிதில் கூட வேலை பார்த்த சீன நண்பர் ஒருவருக்குக் கல்யாணம். சிவப்பு உறையில் 100 வெள்ளி (டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நோட்டோடு ஒரு வெள்ளிக் காசையும் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். நம் மொய்க் கணக்கு. வாசல் மேசையில் இருந்த அம்மா உறையைக் கையில் வாங்கியதும் காசு உருண்டது. அவர் முகம் போன போக்கு எனக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் கழித்து நண்பரே சொன்னார்: அவர்களுக்குக் கல்யாணம் என்றால் இரட்டைப்படை, சாவு என்றால்தான் ஒற்றைப்படை. ‘எனக்குக் கல்யாணமா, கருமாதியா?’ என்று கேட்டுச் சிரித்தார். நூறோடு நின்றால் கணக்கு முடிந்துவிடும், ஒன்று சேர்த்தால் தொடரும் என்பது எங்கள் நம்பிக்கை என்றேன். அப்புறம் என் மகள் பிறந்தபோது அவர் கொடுத்த உறையைத் தூக்கினால், உள்ளே ஒரு காசு உருண்டது.

சீனர் கலாச்சாரம் பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு நான் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் தப்பு நடந்திருக்காது. அந்த நட்பும் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, துக்க வீட்டு விஷயம். யார் வேண்டுமானாலும் போகலாம். பளிச்சென்ற சிவப்பு உடுத்தாமல் போனால் போதும். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றுவார்கள். நீங்கள் ஏற்றாமல் தலை வணங்கினாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெள்ளை உறையில் ஒற்றைப்படையில் பணம். நம் மொய் இங்கேதான் சரியாகப் பொருந்துகிறது! அப்புறம் மேசையில் உட்கார்ந்து கடலை உரிக்க வேண்டும். யாரும் பெரிதாக எதுவும் பேசமாட்டார்கள். கிளம்பும்போது சிவப்பு நூல் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் வழியில் போட்டுவிட வேண்டும். நாம் துக்க வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ சொல்வதில்லை அல்லவா, அங்கும் அதே.

அந்த ஐந்து நாள் போய்விட்டது. இப்போது பலகாரத் தட்டோடு போய் நிற்க வேண்டாம். ஏதாவது ஒரு உதவி கேட்டுப் போங்கள். பார்சல் வந்தால் வாங்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது ஏணி கேளுங்கள். கொடுக்கிறவர்களாகவே போய் நின்றால் எதிரே இருப்பவருக்குக் கூச்சம் தட்டும். ஏணியை வாங்கிவந்தால் திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை போக வேண்டும் பாருங்கள்!

மொழிக்குப் பயப்படாதீர்கள். அந்த வயதுச் சீனப் பாட்டிகள் பலருக்குச் சந்தை மலாய் தெரியும். ‘சுடா மக்கான்?’ என்று கேளுங்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். சூடாக ஏதோ கேட்கிறார்கள் என்று நான் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘புலும்’ என்று பதில் வந்தால் இன்னும் சாப்பிடவில்லை. பாட்டி வீட்டில் குவான் யின் என்ற கருணைத் தெய்வத்தின் படம் இருந்தால், சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் சைவமாக இருக்க வாய்ப்புண்டு. அநேகமாக நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அன்றைக்கு உங்கள் வீட்டில் எப்படியும் சாம்பார்தானே.