வாசகர் கேள்வி – பதில்: மீனை நிற்பாட்டியும் கொலஸ்ரோல் இறங்கவில்லையே?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ரோல்) 158 என்று வந்ததும் முட்டை, மீன், இறால் எல்லாவற்றையும் நிற்பாட்டினோம். மூன்று மாதமாக மரக்கறிதான். இப்போது 163. எங்கே பிழை விட்டோம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: மீன்சட்டி இறங்கிய அடுப்பில் பால்கறிச் சட்டி ஏறியிருக்கும் என்று நினைக்கிறோம். மரக்கறிக்கு மாறும் வீடுகளில் தேங்காய்ச் செலவு கூடுவது வழக்கம். தேங்காயில் கொலஸ்ரோல் இல்லை, உண்மை. ஆனால் உணவிலுள்ள கொலஸ்ரோலைவிட நிரம்பிய கொழுப்புத்தான் (saturated fat) எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றும். அது கூடும்போது ஈரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்தெடுப்பது குறைகிறது.

தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் நிரம்பிய கொழுப்பு. நாலு பேருக்கு நாளொன்றுக்கு ஒரு தேங்காய், துருவினால் 250 கிராம் என்று வையுங்கள்: சக்கையோடு போவது போக, ஆளுக்கு 15 கிராம் வரை வரும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நாள் முழுவதற்குமான உச்ச அளவே 22 கிராம், எல்.டி.எல். கூடியவருக்கு அதிலும் குறைவு. முழு ஆடைப் பால்மா 20 கிராம் போட்ட தேத்தண்ணி ஒவ்வொன்றும் இன்னும் 3 கிராமுக்கு மேல் சேர்க்கும். ‘நாங்கள் இரண்டாம் பாலில்தான் சமைக்கிறோம்’ என்பார்கள். எடுத்து வைத்த முதற்பாலும் இறக்கும் நேரம் அதே சட்டிக்குள்தானே போகிறது!

நாலு பேருக்கு நாளுக்குப் பாதித் தேங்காய் என்று நிறுத்துங்கள். சொதிக்கு இரண்டு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பை மசிய அவித்து, வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சளோடு தண்ணீரில் கொதிக்கவிட்டு, கடைசியில் அரைக் கோப்பை தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். பருப்பே தடிப்பைக் கொடுத்துவிடும். தேசிக்காய்ப்புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துபோகும். புட்டுக்கு அவித்த கோதுமை மாவை விட்டுக் குரக்கன் மா அல்லது சிவப்பரிசி மா எடுங்கள். நீற்றுப்பெட்டியில் போடும் தேங்காய்ப்பூவில் பாதியைக் குறைத்து, அந்த இடத்துக்கு அரிந்த முருங்கையிலையைப் போடலாம். அன்றைக்குச் சம்பலும் வேண்டாம். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதையும் விடுங்கள். பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும் காய் அது.

பயறு, கௌபி, கடலை இவற்றில் ஒன்று தினமும் ஒரு கோப்பை அவித்தது இருக்கட்டும். இவற்றிலுள்ள கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றும். புதிய பித்தம் செய்ய ஈரல் இரத்தத்துக் கொலஸ்ரோலை எடுத்துக்கொள்ளும்.

மீனைத் திருப்பிக் கூப்பிடுங்கள். சூடை, சாளை, கீரி வாரம் இரண்டு நாள், பாலில்லாமல் புளிவிட்ட குழம்பாக. இறாலில் நிரம்பிய கொழுப்பு மிகக் குறைவு, பொரிக்காவிட்டால் இடைக்கிடை பரவாயில்லை.

கேள்வி: எல்.டி.எல். சரி, ட்ரைகிளிசரைட் (இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 290. சீனி தொடுவதில்லை, பனங்கட்டிதான். தினமும் நடக்கிறேன்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பனங்கட்டியும் சீனிதான், ஐயா. வெறுந்தேத்தண்ணியோடு கடிக்கும் துண்டுகளை ஒரு நாளைக்கு எண்ணிப் பாருங்கள். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, மிச்ச இடத்தைக் கீரையாலும் காயாலும் நிரப்புங்கள். கள்ளுப் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிற்பாட்ட வேண்டும். மதுசாரம் எதுவானாலும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றும். நடையை விடவேண்டாம். பரிசோதனைக்கு முன் 12 மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறொன்றும் எடுக்கக்கூடாது. காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இரத்தம் கொடுத்தால் கணக்குப் பிழைக்கும்.

கேள்வி: சாப்பாட்டால் கொலஸ்ரோல் குறைந்துவிட்டது. அதற்குப் போடும் குளிசையை விடலாமா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: நீங்களாக விடவேண்டாம். குறைந்ததில் குளிசையின் பங்குதான் பெரும்பாலும் அதிகம். விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்களும், முன்பு எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தவர்களும் சாப்பாட்டை மட்டும் நம்பமுடியாது. தைரொயிட் பார்த்திராவிட்டால் அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது மந்தமாக இருந்தாலும் கொலஸ்ரோல் கூடும். குளிசை போடும்போது தசைநோவு கடுமையாகி, சிறுநீர் கறுத்துப் போனால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள், அடுத்த கிளினிக் வரட்டும் என்று இருக்கவேண்டாம்.